அக்கா, ஒரு கையெழுத்து போடணும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ராஜபாளையம், வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் கரிசல் காடு வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும். மற்றவர்கள் நேரம் இருந்தால் படியுங்கள்.

போன சித்திரையில் ஒரு நாள் காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்கிறேன், போன் அடிக்கிறது. ஊரிலிருந்து தம்பி. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“அக்கா, ஒரு கையெழுத்து போடணும். ஆதார் கார்டை எடுத்துட்டு வா.”

எதற்கு என்று கேட்டேன். காட்டை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போகிறானாம். கம்பெனி வக்கீல் வாரிசு சான்றிதழைப் பார்த்துவிட்டு, அக்கா தம்பி இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் பத்திரம் போட முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு வயது அறுபத்தாறு. அந்தக் காட்டைப் பற்றி என்னிடம் யாராவது ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குக் கிழக்கே, ஆலங்குளம் போகும் வழியில் இருக்கிறது. மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னையும் என்றால், எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கோடையில் கைவிட்டால் முழங்கை வரை போகிற வெடிப்பு. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்பா சொந்த உழைப்பில் வாங்கிய ஆறு ஏக்கர் நாற்பது சென்ட். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இரண்டு வருஷமும் ஃபீஸ் கட்டியது அந்தக் காட்டுப் பருத்திதான். பருத்தி விற்ற பணத்தை வேட்டி முந்தியில் முடிந்துகொண்டு அப்பா ஹாஸ்டல் வாசலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்பா 2009-ல் தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. பட்டா இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்பா தானாக வாங்கிய சொத்தில், உயில் இல்லாவிட்டால், மகனைப் போலவே மகளுக்கும் சம பங்கு என்று 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. இதை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் காட்டைப் பற்றி நானே கேட்டதில்லை. தம்பி விதைத்தான், எடுத்தான். தீபாவளிக்கு எனக்கு ஒரு சேலை வரும். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். அதனால் தம்பியைக் குறை சொல்ல எனக்குப் பாதி உரிமைதான் உண்டு.

அவன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பருத்தி கட்டுப்படியாகவில்லை என்று மக்காச்சோளத்துக்கு மாறினான். 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றது. அதிலிருந்து தப்பினால் காட்டுப்பன்றி. ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை மெத்தை விரித்தது போல் ஆக்கிவிட்டுப் போகும். அவனுக்கு மூட்டுவலி. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், திரும்பி வரப்போவதில்லை. இந்த நிலையில் ஒருவர் வந்து, 28 வருஷத்துக்கு வருஷா வருஷம் வாடகை, சில வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றித் தருகிறோம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததால் கம்பெனி பெயரையும் தொகையையும் இங்கே எழுதவில்லை. மக்காச்சோளத்தில் கைக்கு மிஞ்சுவதைவிட அதிகம் என்பது மட்டும் உண்மை.

“படிச்சுப் பார்க்காம கையெழுத்து போட மாட்டேன்டா” என்றேன்.

“நீ டீச்சர் இல்ல, அப்படித்தான் சொல்லுவ” என்று போனை வைத்துவிட்டான்.

படிக்க ஆரம்பித்தேன். பத்திரத்தை மட்டுமல்ல, விஷயத்தையும்.

சோலாருக்கு நான் எதிரி இல்லை. 2012-ஐ மறக்க முடியுமா? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாதி நாளுக்கு மேல் மின்சாரம் கிடையாது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் ஓடாமல் நின்றன. கூலி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மதியச் சத்துணவை எப்படிச் சாப்பிட்டார்கள் என்று வகுப்பில் இருந்த எனக்குத் தெரியும். இன்றைக்குத் தமிழ்நாட்டின் தேவை அதைவிட அதிகம். 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட் தொட்டது. மின்சாரம் வேண்டும், அது எங்கேயாவது உற்பத்தியாகத்தான் வேண்டும்.

ஆனால் சூரியனுக்கு ஒரு குணம். நமக்கு விளக்குப் போடுகிற நேரம் பார்த்து அது போய்விடும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் எல்லா வீட்டிலும் விளக்கு, ஃபேன், டிவி, மிக்ஸி, இப்போது ஏசியும். பகலில் தேவைக்கு மேல் கிடைத்த வெயில் மின்சாரம் அப்போது கைக்கு வராது. அதனால்தான் இப்போது சோலார் என்றால் கூடவே பேட்டரியும் பேசுகிறார்கள். 2021-லேயே தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் சூரியமின் பூங்கா, முதல் கட்டமாக 4,000 மெகாவாட், அதோடு 2,000 மெகாவாட் பேட்டரி சேமிப்பு என்று அறிவித்தது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசும், இனி டெண்டர் விடுகிற சோலார் நிலையங்களோடு குறைந்தது பத்து சதவீத அளவுக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பு இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. எங்கள் ஊர்த் திட்டமும் அப்படித்தான். காடு முழுக்க பேனல், ஒரு மூலையில் பேட்டரி.

தம்பி கேட்டான், “பேட்டரின்னா வீட்டு இன்வெர்ட்டருக்கு இருக்கே, அது மாதிரியா?”

நான் சொன்னேன், “நம்ம கண்மாய் மாதிரிடா.”

ஐப்பசி, கார்த்திகையில் தேவைக்கு மேல் மழை வருகிறது. அப்போது தேக்கி வைக்கிறோம். தையிலும் மாசியிலும் பயிர் கேட்கும்போது மடையைத் திறக்கிறோம். பேட்டரி செய்வதும் இதையேதான். மழைக்குப் பதில் வெயில், மாதக்கணக்குக்குப் பதில் மணிக்கணக்கு. மெகாவாட் என்பது மடையின் அகலம். மெகாவாட்-மணி என்பது கண்மாயில் நிற்கிற தண்ணீர். சத்தீஸ்கரில் ராஜ்நந்த்காவ் என்ற இடத்தில் 100 மெகாவாட் சோலாரோடு பெரிய பேட்டரி ஒன்று 2024-ல் ஓட ஆரம்பித்தது. அதன் அளவு 40 மெகாவாட், 120 மெகாவாட்-மணி. வகுத்துப் பாருங்கள். மடையை முழுதாகத் திறந்தால் மூன்று மணி நேரத்தில் கண்மாய் காலி. சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை தாங்கும்.

கண்மாய்த் தண்ணீரில் கொஞ்சம் ஆவியாகப் போவது போல, பேட்டரியில் நூறு யூனிட் போட்டால் நூறும் திரும்பி வராது. கண்மாயில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைவது போல, பேட்டரிக்கும் வருஷம் ஆக ஆகக் கொள்ளளவு குறையும். இது புதுசும் இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே கடம்பாறையில் இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிற நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது. அதுவும் ஒரு பேட்டரிதான்.

தீ பயம் பற்றியும் கேட்டேன். நம்ம ஊரில் வெடிமருந்து பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு ஷெட்டுக்கும் இன்னொரு ஷெட்டுக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்று சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும். பேட்டரிக்கும் அதே நியாயம்தான். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற இடத்தில் பெரிய பேட்டரி நிலையம் தீப்பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். அங்கே ஒரே கட்டடத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். இப்போது தனித்தனி கண்டெய்னரில், வெட்டவெளியில், இடைவெளி விட்டு வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ரசாயனமும் வேறு, முன்னதைவிடச் சூடு தாங்கக்கூடியது. கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் தம்பி இதையெல்லாம் வரைபடத்தை விரித்து வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பேட்டரி வைக்கிற இடம் குடியிருப்பிலிருந்தும் கண்மாயிலிருந்தும் தள்ளி இருந்தது. இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். எனக்குப் பிடித்துவிட்டது.

நேரில் பார்க்க வேண்டும் என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு விருதுநகர், அருப்புக்கோட்டை வழியாகக் கமுதிக்குப் போனேன். 648 மெகாவாட். அதானி குழுமம் அமைத்தது. 2016 செப்டம்பரில் திறந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகிலேயே பெரியது. ஏறக்குறைய 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு நீலமாக, ஏதோ கடல் உள்ளே வந்துவிட்டது போல் இருந்தது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட பூமி அது. தம்பி வாயைத் திறந்தபடி நின்றான்.

நான் வழக்கம் போல் கணக்குப் போட்டேன். 2,500 ஏக்கரை 648-ஆல் வகுத்தால் ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர்கூட இல்லை. நம்ம ஆறு ஏக்கர் நாற்பது சென்டில் ஒன்றரை மெகாவாட் வரும். நம் வெயிலுக்கு ஒரு மெகாவாட் நாளைக்கு நாலாயிரம் யூனிட்டுக்குக் குறையாது. ஆறாயிரம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கிற வீடு என்றால் ஆயிரத்து எண்ணூறு வீட்டுக்குப் போதும். எங்கள் ஊரில் அத்தனை வீடே கிடையாது. அப்பாவுடைய பருத்திக்காடு அத்தனை வீட்டுக்கு விளக்கேற்றும் என்று நினைத்தபோது, பொய் சொல்லக் கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

இன்னொரு கணக்கும் போட்டேன். கமுதி மின்சாரத்துக்கு 2015-ல் போட்ட ஒப்பந்த விலை யூனிட் 7 ரூபாய் 1 பைசா. 2017 மே மாதம் ராஜஸ்தானில் பட்லா ஏலத்தில் கேட்ட விலை 2 ரூபாய் 44 பைசா. இரண்டே வருஷத்தில் இப்படி விலை மாறுகிற தொழிலில், நம்மிடம் 28 வருஷத்துக்குக் கையெழுத்து வாங்குகிறவர் 28 வருஷமும் இருப்பாரா? கைமாறலாம், நொடிக்கலாம். அப்போது இரும்புக் காலும் கான்கிரீட்டும் பழைய பேனலும் யார் தலையில்?

திரும்பி வந்ததும் கையெழுத்து போட்டிருப்பேன். அந்த ஒரு பாராவை மட்டும் சேர்த்துக்கொண்டு போட்டிருப்பேன். இடையில் ஒரு காரியம் செய்தேன். இ-சேவை மையத்தில் எங்கள் காட்டின் புலப்படத்தை, எஃப்.எம்.பி. என்பார்களே, அதை அச்செடுத்தேன். சும்மா எல்லை தெரிந்துகொள்ளலாம் என்றுதான்.

படத்தில் எங்கள் காட்டின் கீழ்புறம் நெடுக இரட்டைக் கோடு ஒன்று போகிறது. தனி சர்வே நம்பர். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தால், ஓடை புறம்போக்கு.

எனக்குப் புரியவில்லை. எங்கள் காட்டில் ஓடை எங்கே இருக்கிறது? வரப்பை ஒட்டி ஒரு முழ அகலத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதைத் தாண்டித்தான் சின்ன வயதில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோவேன். படத்தில் இருப்பதோ எட்டு மீட்டர் அகலம்.

அம்மா கூடப் பிறந்த சித்தி ஒருத்தர் ஊரில் இருக்கிறார், எண்பத்தைந்து வயது. அவரிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

“ஆமா, அது கம்மாய்க்குப் போற ஓடை. ஒங்க அய்யாதான் கொஞ்சங் கொஞ்சமா உழுது சேத்துக்கிட்டாரு. அவரு மட்டுமா? மேலக்காட்டுக்காரன், கீழக்காட்டுக்காரன், எல்லாருந்தான்.”

எட்டு மீட்டர் அகலம், இருநூறு மீட்டர் நீளம். ஆயிரத்து அறுநூறு சதுர மீட்டர். ஏறக்குறைய நாற்பது சென்ட். நான் படித்த பருத்தியில் அந்த நாற்பது சென்ட் பருத்தியும் உண்டு. எங்கள் ஊர்க் கண்மாய் ஏன் நிறைவதில்லை என்று மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் எல்லாம் “மழை குறைந்துவிட்டது” என்று எழுதினார்கள். நானும் டிக் போட்டேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் மேல் கோபமும் வரவில்லை. நாலு வயிறு நிறைய வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வராத ஓடை, கையில் கலப்பை. ஆனால் கலப்பை தொட்டதைக் கலப்பையால் திருத்தலாம். கான்கிரீட்டும் வேலியும் வந்துவிட்டால் 28 வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. அதற்குள் ஓடை என்று ஒன்று இருந்ததைச் சொல்ல சித்தியும் இருக்க மாட்டார்.

தரகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். “டீச்சர், ஓடை பேப்பர்லதான் இருக்கு. பக்கத்துக் காட்டுக்காரங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. கண்டுக்காம வேலியைப் போட்டுரலாம். அந்த நாப்பது சென்ட்டுக்கும் சேர்த்து ஒங்களுக்கு ஒரு தொகை வாங்கித் தர்றேன்.”

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “வெயிலைச் சேர்த்து வைக்க வர்றவங்க தண்ணியைச் சேர்த்து வைக்கிறதை அடைக்கலாமாடா?” என்றேன். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். பத்து நாள் பேசவில்லை.

அந்தப் பத்து நாளில்தான் இன்னொருவர் வந்தார். எங்கள் காட்டை வாரத்துக்கு உழுகிறவர். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவர், எட்டோடு நின்றுவிட்டார். இப்போது பேரன் எடுத்துவிட்டார், ஆனாலும் என்னைப் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து வாசலில் நின்றார். வாரத்துக்கு எழுத்து எதுவும் கிடையாது, எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, அவர் பெயர் எதிலும் இல்லை. கம்பெனி வாடகை பட்டாக்காரர்களுக்குத்தான் வரும்.

காபி கொடுத்தேன். அவர் சண்டை போடுவார், பங்கு கேட்பார் என்றுகூட நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“டீச்சர், புரட்டாசியில விதைக்கவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிருங்க. விதை வாங்கணும்ல.”

முப்பத்தைந்து வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

“விதைங்க” என்று மட்டும் சொன்னேன். தம்பியிடம் கேட்கவில்லை. அறுபத்தாறு வயதில் அந்தக் காட்டைப் பற்றி நான் எடுத்த முதல் முடிவு அது.

பிறகு தம்பியைத் தேடி நானே போனேன். கம்பெனிக்கு மூன்று நிபந்தனை எழுதினோம். ஒன்று, ஓடையைப் புலப்படத்தில் உள்ள அகலத்துக்கு விட்டு, இரண்டு பக்கமும் வேலியைத் தள்ளிப் போட வேண்டும். இரண்டு, குத்தகை முடிந்தாலும் கம்பெனி கைமாறினாலும் நிலத்தைச் சுத்தமாக்கித் திருப்பித் தர வேண்டும், அதற்கு முன்பணமாக ஒரு வைப்புத்தொகை வேண்டும். மூன்று, உழுதவருக்கு ஏதாவது செய்ய வேண்டும். தம்பி மூன்றையும் அரைமனதோடு ஒத்துக்கொண்டான். “நீ கையெழுத்து போடலைன்னா எதுவும் நடக்காதே, வேற வழி?” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான் என்றுதான் நினைக்கிறேன்.

கம்பெனிக்கு எழுதுவதற்கு முன் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து, கல் ஊன்றி, எங்கள் பக்கத்து ஓடையை எங்கள் செலவில் ஜே.சி.பி. வைத்துத் தோண்டினோம். மேலக்காட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். “டீச்சருக்குப் பென்ஷன் வருது, தோண்டுறாங்க” என்றார். வாஸ்தவம்தான். பென்ஷன் இல்லாத வீட்டில் நாற்பது சென்டை விடுவது இவ்வளவு லேசு இல்லை. அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். ஓடையில் முழங்கால் அளவு செம்மண் கலந்த தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எங்கள் எல்லை தாண்டியதும் கீழக்காட்டு வரப்பில் முட்டி நின்று, பக்கவாட்டில் பரவி, வழி தேடியது. கண்மாய்க்குப் பாதிதான் போயிருக்கும். ஆனால் போனது. தம்பி கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கீழக்காட்டு மாமாகிட்ட நான் பேசிப் பாக்குறேன்” என்றான்.

மார்கழியில் கம்பெனியிலிருந்து திருத்திய பத்திரம் வந்தது. ஓடை நிபந்தனை இருந்தது. எங்களுக்கு மட்டும் இல்லை, அந்த ஓடையை ஒட்டிய எல்லாக் காட்டுக்கும் வேலியைத் தள்ளிப் போடுவதாக வரைபடத்தையே மாற்றியிருந்தார்கள். பின்னால் யாராவது வழக்குப் போட்டால் வேலை நின்றுவிடும், இப்போதே விடுவது கம்பெனிக்கும் நல்லது என்று இன்ஜினியர் தம்பி மேலே எழுதினாராம். வைப்புத்தொகையில் கேட்டதில் பாதிக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதுக்கு மட்டும், அது நில உரிமையாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு வரி.

முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அந்த வரியில் தப்பு இல்லை. அவரை வைத்து உழுதது கம்பெனியா? நாங்கள். எழுத்து இல்லாமல் வைத்திருந்தது கம்பெனியா? நாங்கள். நான் கம்பெனியிடம் கேட்டது, என் கடனை இன்னொருவர் அடைக்கட்டும் என்பது போலத்தான்.

என் பங்கு வாடகையில் நாலில் ஒன்றை அவருக்குத் தருவதாக வெள்ளைத் தாளில் எழுதித் தம்பியிடம் காட்டினேன். தம்பி நெடுநேரம் பார்த்தான். “நானும் தர்றேன். ஆனா முதல்ல ஒரு வருஷம் பாப்போம்” என்றான். நான் வற்புறுத்தவில்லை. ஒரு வருஷம் என்பது ஒன்றுமில்லாததைவிட மேல்.

பேனலுக்கு அடியில் வளரும் புல்லுக்கு ஆடு மேய விடலாமா என்றும் கேட்டேன். வெள்ளாடு கூடாதாம், பேனல் மேல் ஏறிவிடும், வயரைக் கடிக்கும். செம்மறி என்றால் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் இன்ஜினியர். நம்ம பக்கத்து வெம்பூர் ஆடு செம்மறிதானே என்று இவருக்கு ஒரே சந்தோஷம். பதில் இன்னும் வரவில்லை.

மக்காச்சோளத்தை எடுத்துவிட்டார். போன வாரம் ராஜபாளையம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து போட்டோம். தம்பி பெயருக்குக் கீழே என் பெயர். கைரேகை வைக்கும்போது தம்பி மெதுவாகக் கேட்டான், “அய்யா இருந்தா என்னக்கா சொல்லியிருப்பாரு?” தெரியவில்லை. நாற்பது சென்ட் போனதற்குத் திட்டியிருப்பார். பிறகு கண்மாய்க்கரை வரை நடந்து போய்த் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்திருப்பார்.

நான் செய்தது முழுக்கச் சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அந்த மண்ணில் இனி என் காலத்தில் பருத்தி பூக்காது. அது வருத்தம்தான்.

உங்களுக்கும் இப்படிக் காகிதம் வரும். வந்தால், ஒரு பழைய டீச்சர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பார்க்காமல் கையெழுத்து போடாதீர்கள். தரகருக்குப் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முடிந்த பிறகு யார் சுத்தம் செய்வது என்று எழுதி வாங்குங்கள். ஓடையும் வண்டிப்பாதையும் ஆட்டுப்பாதையும் யாருக்கும் சொந்தமில்லை, அதை விட்டுவிடுங்கள். உங்கள் காட்டில் உழுகிறவரிடம் முதலில் சொல்லுங்கள், கடைசியில் அல்ல. அக்கா தங்கச்சியிடம் கையெழுத்துக்கு மட்டும் போகாதீர்கள், கலந்து பேசப் போங்கள். அக்கா தங்கச்சிகளே, நீங்களும் சேலையோடு நின்றுவிடாதீர்கள்.

கீழக்காட்டு மாமா இன்னும் ஓடையை விடவில்லை. கம்பெனி வேலி தள்ளித்தான் வரப்போகிறது, ஆனால் நடுவில் அவர் போட்ட வரப்பு அப்படியே நிற்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் விட்டுவிடுவார் என்று தம்பி சொல்கிறான். பார்ப்போம். மழை வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.